கிளிமஞ்சாரோவா, எவரெஸ்ட் அடிவாரமா? முதலில் காசுக் கணக்கு

லண்டனில் ஒரு கோயில் மண்டபத்துக்கு வெளியே மேசை போட்டு ரோல்ஸும் வடையும் விற்றுக்கொண்டிருந்தேன். புற்றுநோயாளிகளைக் கடைசி நாட்களில் பராமரிக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கிளிமஞ்சாரோ ஏறப் போகிறேன் என்று அட்டையில் எழுதி வைத்திருந்தேன். ஒரு மாமி அதை நின்று நிதானமாக வாசித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நீ மலை ஏறுறதுக்கு நான் ஏன் காசு தரவேணும்?"

அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அதற்குப் பிறகு எவரெஸ்ட் அடிவார முகாமுக்கும் போய் வந்துவிட்டேன். முதல் பயணம் ஸ்பான்சர் காசில், இரண்டாவது என் சொந்தக் காசில். எந்த மலை என்று கேட்டுத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் மாமியின் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பிரிட்டனில் இந்தப் பயணங்களுக்குப் பணம் கட்ட முக்கியமாக இரண்டு வழிகள். முதல் வழியில் பதிவுக் கட்டணம் மட்டும் நம் கையிலிருந்து போகும். குறைந்தபட்சத் தொகை ஒன்றைத் திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும், பயணச் செலவு அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். புரிவதற்காக வட்டமாக ஒரு கணக்கு: 400 பவுண்ட் கட்டிப் பதிகிறீர்கள், 4,200 பவுண்ட் திரட்டுகிறீர்கள். அதில் 2,000 பயண நிறுவனத்துக்குப் போனால் நோயாளிகளுக்குப் போவது 2,200. மாமி 20 பவுண்ட் தந்தால் அதில் ஏறத்தாழப் பாதி என் விமானத்துக்கும் கூடாரத்துக்கும். கேள்வி நியாயமானதுதான்.

இரண்டாவது வழியில் பயணச் செலவு முழுவதும் நம்முடையது. திரட்டும் காசு அப்படியே தொண்டுக்குப் போகிறது. இரண்டையும் கலந்து பாதிப் பாதியாகக் கட்டவிடும் நிறுவனங்களும் உண்டு.

முதல் வழியை மோசம் என்று ஒதுக்க மாட்டேன். கையில் 2,000 பவுண்ட் இல்லாத மாணவரும் தாதியும் அதனால்தான் போக முடிகிறது. அவர்கள் போகாமல் இருந்திருந்தால் அந்த 2,200-உம் வந்திருக்காது. ஆனால் நெருக்குதல் அதிகம். புறப்படுவதற்குப் பத்து வாரம் இருக்கும்போதே எண்பது சதவீதம் கட்டியாக வேண்டும் என்பது பரவலான நிபந்தனை. என் தொகை அந்த நாளில் குறைந்து கிடந்தது. ஒரு வாரம் தூக்கமில்லை, மிச்சத்தைக் கடன் அட்டையில் போட்டேன்.

அப்புறம் கிஃப்ட் எய்ட். வரி கட்டும் ஒருவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது என்பது தெரிந்ததுதான். என் பயணச் செலவைத் தொண்டு நிறுவனம் ஏற்கும்போது, நானும் என் நெருங்கிய உறவுகளும் தரும் காசுக்கு அது கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பயணத்தால் எனக்கு ஆதாயம் என்று வரித்துறை பார்க்கிறது. யார் நெருங்கிய உறவு? பெற்றோர், பிள்ளைகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மனைவி, மனைவியின் கூடப்பிறந்தவர்கள் போன்றவர்கள். சித்தப்பா, தாய்மாமா, அப்பாவின் கூடப்பிறந்த அத்தை, ஒன்றுவிட்ட சகோதரங்கள் எல்லாம் சட்டத்தின் கண்ணில் அந்நியர்கள்! நம் உறவுமுறையை இப்படிப் பிரிப்பது வேடிக்கைதான், ஆனால் லாபம் நமக்கு: சித்தப்பாவிடம் தயங்காமல் படிவத்தை நீட்டலாம், மச்சானிடம் நீட்டக் கூடாது. பயணச் செலவை நாமே முழுதாகக் கட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆக, காசு இருந்தால் இரண்டாவது வழி. இல்லையென்றால் முதல் வழியில் போங்கள், எவ்வளவு பயணத்துக்குப் போகிறது என்பதை அட்டையிலேயே எழுதிவிடுங்கள். நான் எழுதவில்லை.

சரி, மலைகளுக்கு வருவோம்.

கிளிமஞ்சாரோவை இந்த ஊரில் பிரபலமாக்கியதில் 2009க்குப் பெரிய பங்கு. அந்த ஆண்டு காமிக் ரிலீஃப் என்ற தொண்டு நிறுவனத்துக்காக கேரி பார்லோ, செரில் கோல் முதலான பாட்டுக்காரர்கள் ஏறியதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு தலைமுறையே "நாமும் ஏறலாம்" என்று கிளம்பியது. கயிறு, கோடரி எதுவும் வேண்டாம், நடந்தே 5,895 மீட்டர் போய்விடலாம். உச்சியில் ஒரு பலகை, அதன் கீழே ஒரு படம். நன்கொடை தந்தவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான அத்தாட்சி கிடையாது. பத்துப் பதினொரு நாள் விடுப்பும் போதும்.

அந்தக் குறைந்த விடுப்புதான் அதன் கோளாறும். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. மரங்கு பாதையின் ஐந்து நாள் திட்டத்தைப் பாருங்கள்: முதல் இரவு ஏறக்குறைய 2,700, இரண்டாம் இரவு 3,700, மூன்றாம் இரவு 4,700. நாளுக்கு ஆயிரம். அன்று நள்ளிரவிலேயே எழுப்பி உச்சிக்கு இன்னும் 1,200 மீட்டர் ஏறச் சொல்வார்கள். என் அக்காவின் கணவர் இந்தத் திட்டத்தில்தான் போனார். மரத்தான் ஓடியவர். மூன்றாம் இரவு தங்கும் கிபோ குடிசையில் வாந்தி, தலையிடி, அத்தோடு இறக்கிவிட்டார்கள். உயரம் உடற்பயிற்சியை மதிப்பதில்லை.

நான் மச்சாமே பாதையில் ஏழு நாள் எடுத்தேன். அதில் லாவா டவர் வரை, 4,600 மீட்டர், ஏறிவிட்டுத் தூங்குவதற்கு பராங்கோ முகாமுக்கு 3,900 வாக்கில் இறங்கிவிடுவோம். உடம்பு பழகுவதற்கு அந்த ஒரு நாள் பெரிய உதவி. லெமோஷோ பாதையில் எட்டு நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. கூடுதலான ஒவ்வொரு நாளுக்கும் பூங்காக் கட்டணம் ஏறும், திரட்ட வேண்டிய தொகையும் ஏறும். விளம்பரத்தில் மலிவாகத் தெரியும் பயணம் ஐந்து நாளா ஏழு நாளா என்று முதலில் பாருங்கள். உச்சி இரவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இருட்டு, குளிர், முன்னால் போகிறவரின் குதிகால், வழிகாட்டியின் "போலே போலே". ஸ்வாஹிலியில் மெதுவாக மெதுவாக.

எவரெஸ்ட் அடிவார முகாம் இதற்கு நேர்மாறு. 5,364 மீட்டர்தான், அதற்குப் பன்னிரண்டு நாள் போல நடை. லண்டனிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டரை வாரம். ஆனால் நாம்சே பசாரில் 3,440 மீட்டரில் இரண்டு இரவு, டிங்போச்சேயில் 4,410-இல் இரண்டு இரவு என்று பழகும் நாட்கள் திட்டத்திலேயே இருக்கின்றன. கூடாரம் இல்லை, தேநீர் விடுதிகளில் கட்டில். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் பரிமாறுவார்கள். நம் வயிற்றுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எவரெஸ்ட் இருக்கும் கும்பு பகுதியில் விலங்கு வெட்டுவதில்லை. மேலே கிடைக்கும் இறைச்சி கீழிருந்து நாள்கணக்கில் சுமந்து வந்தது. அதனால் அசைவக்காரர்களே அங்கே சைவமாகிவிடுகிறார்கள்.

குறை இரண்டு. அடிவார முகாமில் நின்றால் எவரெஸ்டின் உச்சி தெரியாது, பக்கத்து மலைகள் மறைத்துவிடும். அதைப் பார்க்க மறுநாள் விடியலில் காலா பத்தர் ஏற வேண்டும், 5,500 மீட்டருக்கு மேலே. இரண்டாவது, நடை தொடங்கும் லுக்லாவின் விமான நிலையம். சாய்வான, 527 மீட்டர் நீள ஓடுபாதை. மேகம் இறங்கினால் விமானம் இல்லை. திரும்பும் தேதிக்குப் பின்னால் இரண்டு நாளாவது விட்டு வையுங்கள். எனக்கு ஒன்றரை நாள் போனது.

இரண்டுக்கும் பொதுவானது காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீடு இந்த உயரத்துக்குச் செல்லாது, உயரத்தையும் ஹெலிகாப்டர் மீட்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்க வேண்டும். நேபாளத்தில் தேவையில்லாமல் ஹெலிகாப்டர் அழைத்துக் காப்பீட்டுப் பணம் பறித்த மோசடியை அரசே 2018இல் விசாரித்தது. இலேசான தலைவலிக்கே யாராவது "ஹெலிகாப்டர் கூப்பிடட்டுமா" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். முதல் மருந்து கீழே இறங்குவது.

சுமை தூக்குகிறவர்களைப் பற்றியும் கேளுங்கள். கிளிமஞ்சாரோவில் ஒருவருக்கு 20 கிலோ என்பது வரம்பு. கூலியையும் கூடாரத்தையும் உணவையும் கண்காணிக்க ஓர் அமைப்பே இருக்கிறது, சுருக்கமாகக் கேபாப் என்பார்கள். நம் பயண நிறுவனம் அதில் சேர்ந்ததா என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். தர்மத்துக்காகப் போகிற இடத்தில் இன்னொருவர் வயிற்றில் அடித்து ஏறக் கூடாது.

மற்றவை வேகமாக. பெரு நாட்டின் இன்கா பாதை அழகு, ஆனால் வழிகாட்டிகள், சுமைகாரர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, பிப்ரவரியில் மூடிவிடுவார்கள். பெரிய குழுவுக்கு இடம் பிடிப்பது சிரமம். சீனப் பெருஞ்சுவரில் உயரப் பிரச்சினையே இல்லை, முழங்கால்தான் பிரச்சினை, அத்தனை படிகள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மொராக்கோவின் டூப்கால் 4,167 மீட்டர். இம்லில் கிராமத்திலிருந்து இரண்டு நாளில் ஏறி இறங்கிவிடலாம், லண்டனிலிருந்து மராகேஷ் நான்கு மணி நேரத்துக்குள். செலவு குறைவு என்பதால் திரட்டுவதில் பெரும்பங்கு தொண்டுக்கே போகும்.

கட்டாயப்படுத்திக் கேட்டால்: விடுப்பு கிடைத்தால் எவரெஸ்ட் அடிவாரம், சொந்தக் காசில். அவ்வளவு விடுப்பு இல்லையென்றால் ஏழு நாளுக்குக் குறையாத கிளிமஞ்சாரோ. ஐந்து நாள் மரங்குவுக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

இரண்டாவது முறை அதே மண்டபத்தில் அதே மாமி. இந்த முறை அட்டையின் முதல் வரியே, "பயணச் செலவு முழுதும் என்னுடையது." வாசித்தார், 20 பவுண்ட் தந்தார், கிஃப்ட் எய்ட் படிவத்திலும் கையெழுத்துப் போட்டார். போகும்போது திரும்பி, "அங்க கோயில் இருக்கோ?" என்றார். தெங்போச்சேயில் ஒரு பௌத்த மடம் இருக்கிறது என்றேன். இன்னோர் ஐந்து பவுண்டை எடுத்து, இது அங்கே உண்டியலுக்கு, உன் கணக்கில் சேர்க்காதே என்று தந்துவிட்டுப் போனார்.