எட்டு வருடமாக மடியில் ஒரு டியூபா

பேண்டில் சேரப் போனபோது எனக்கு ட்ரம்பெட் மேல்தான் ஆசை. அங்கே ஏற்கெனவே ஒன்பது பேர் ட்ரம்பெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். "டியூபா சும்மாத்தான் கிடக்கு, எடுத்துக்கோங்க. ஈஸிதான், நாலு சுரம் தெரிஞ்சாப் போதும்" என்றார் பேண்ட் மாஸ்டர். அதை நம்பி எடுத்தேன். டியூபா என்பது பித்தளை ஊதுகருவிகளில் மிகப் பெரியது, கீழ்ச் சுரங்களை ஊதுவது. எட்டு வருடம் ஓடிவிட்டது. வாரத்துக்கு ஒரு ஒத்திகை, வருடத்துக்கு ஏழெட்டு நிகழ்ச்சி, வீட்டில் முடிந்த அன்று அரை மணி நேரம். சம்பளம் கிடையாது, தேர்வும் கிடையாது. டியூபா எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன்.

ஈஸி என்று அவர் சொன்னது பாதி உண்மை. உதட்டை வைத்து ஊதும் மவுத்பீஸ் அகலமானது என்பதால் உதட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. முதல் நாளே ஏதோ ஒரு சத்தம் வந்துவிடும். ஒரு மாதத்தில் எளிய அணிவகுப்பு மெட்டு (மார்ச்) ஒன்றின் கீழ்வரிசையை ஒப்பேற்றிவிடலாம். ஆனால் காற்று! பலூன் ஊதுவதுபோல் அழுத்தி ஊதக் கூடாது. பெருமூச்சு விடுவதுபோல் தாராளமாக, நிறைய விட வேண்டும். முதல் சில வாரங்கள் பத்து நிமிடம் ஊதினால் தலை கிறுகிறுக்கும். உடம்பு கேட்காத வேகத்தில் மூச்சை வாங்கி விடுவதால் வருவது அது. கருவியை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் சரியாகிவிடும். எனக்கு இரண்டு மாதத்தில் போய்விட்டது.

போகாதது இன்னொன்று. பேண்ட் மாஸ்டர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "டியூபா, லேட்!" என்றுதான் குரல் வரும். தாளம் காட்டும் அவர் குச்சி இறங்கும் கணத்தில் சரியாகத்தானே ஊதுகிறேன், இவருக்குக் காதில் ஏதும் கோளாறா என்று முதல் வருடம் முழுக்க மனதுக்குள் சண்டை போட்டேன். ஒரு நாள் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, ஹாலின் கடைசி நாற்காலியில் வைத்துவிட்டு வாசித்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால், அவர் சொன்னதுதான் சரி. ட்ரம் அடி விழுந்த பிறகு, கதவைத் தள்ளிக்கொண்டு வருபவனைப்போல் என் சத்தம் வருகிறது.

காரணம் எளிமையானது. பி ஃபிளாட் சுருதியிலுள்ள டியூபாவின் குழாயை நிமிர்த்தி நீட்டினால் ஏறக்குறைய 18 அடி. உதட்டில் கிளம்பும் அதிர்வு, மறுமுனையிலுள்ள அகன்ற வாயான பெல் வரை போய்த் திரும்பி வரவே 30 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அப்படிச் சில தடவை போய்வந்த பிறகுதான் சுரம் ஒரு நிலைக்கு வருகிறது. ட்ரம்பெட்டுக்கு நாலரை அடிதான், அதனால் அவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. ஆக, குச்சியைப் பார்த்து ஊதினால் தாமதம். குச்சி இறங்கப் போவதை நினைத்து ஊத வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஒரு ரெக்கார்டிங் போதும். கை, வாய், மூச்சு மூன்றுக்கும் பழக மூன்று வருடம் ஆனது. இன்றும் களைப்பாக இருக்கும் நாளில் பழையபடி பின்தங்கிவிடுவேன்.

கருவி விஷயத்துக்கு வருகிறேன். டியூபா விலை அதிகம் என்பதால் பல பேண்டுகள் தாமே வாங்கி வைத்திருக்கும், புதிதாக வருபவருக்கு இரவல் கொடுக்கும். எனக்குக் கிடைத்தது 3 வால்வு. வால்வை விரலால் அழுத்தினால் கூடுதலாக ஒரு குழாய்த் துண்டு சேர்ந்து சுரம் இறங்கும். முதல் வால்வு ஒரு முழுச் சுரம் இறக்கும், இரண்டாவது அரைச் சுரம், மூன்றாவது ஒன்றரை. தனித்தனியாக அழுத்தும்போது ஒழுங்காக இருக்கும். சேர்த்து அழுத்தினால் கணக்கு உதைக்கும்: குழாய் ஏற்கெனவே நீண்டுவிட்டதால், அடுத்த வால்வு சேர்க்கும் துண்டு போதாமல் போய், சுருதி மேலே ஏறிவிடும். ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் கீழ் சி, கீழ் எஃப் இரண்டுமே அப்படித்தான். பேண்ட் பாட்டுகள் அடிக்கடி இந்த இரண்டு சுரத்தில்தான் வந்து உட்காரும். மூன்றையும் அழுத்தினால் கேட்கவே வேண்டாம், அரைச் சுரத்தில் பாதியளவு தள்ளி நிற்கும். உதட்டைத் தளர்த்திச் சமாளித்தேன். சமாளித்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, பழைய 4 வால்வுக் கருவி ஒன்றை வாங்கினேன். நாலாவது வால்வு அந்த ஒன்று-மூன்று சேர்க்கையின் வேலையைச் சரியான நீளத்தோடு தனியாகவே செய்யும். முதல் ஒத்திகையில் கீழ் சி ஊதியதும் பக்கத்து ட்ரம்போன்காரர் திரும்பிப் பார்த்தார். வேறு எந்தச் செலவும் எனக்கு இவ்வளவு பலன் தந்ததில்லை. பளபளப்பான 3 வால்வும் கீறல் விழுந்த 4 வால்வும் ஒரே விலையில் கிடைத்தால் கீறலைப் பாருங்கள் என்பேன்.

பராமரிப்பு பெரிய தலைவலி இல்லை. ஒவ்வொரு ஒத்திகைக்கும் முன் வால்வுக்குச் சில சொட்டு எண்ணெய், இழுத்து நீட்டும் குழாய்த் துண்டுகளான ஸ்லைடுகளுக்கு அவ்வப்போது கிரீஸ், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் குளியல். சூடான நீர் வேண்டாம், மேல்பூச்சு கிளம்பிவிடும். இரண்டு வாரம் தொடாமல் வைத்தால் என் கருவியில் இரண்டாவது வால்வு மட்டும் அடம்பிடிக்கும், ஏன் அது மட்டும் என்று கேட்காதீர்கள். அப்புறம், நிகழ்ச்சி முடிந்ததும் நான் கருவியைச் சுழற்றிச் சுழற்றித் தண்ணீர் வடிப்பதைப் பார்த்து, "இவ்வளவு எச்சிலா!" என்று முகம் சுளிப்பவர்களுக்கு: அது பெரும்பாலும் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த பித்தளையில் படிந்து நீரானது. நம்ப மாட்டார்கள், பரவாயில்லை.

ஒரே ஒரு முட்டாள்தனம் செய்தேன். மவுத்பீஸ்மேல் உள்ளங்கையால் தட்டினால் 'பொப்' என்று ஒரு சத்தம் வரும். வேடிக்கைக்காகத் தட்டினேன், இறுகி மாட்டிக்கொண்டது. துணியைச் சுற்றிக் குறடால் திருகியதில் மவுத்பீஸ் வரவில்லை, அதைத் தாங்கும் குழாயின் பற்றவைப்பு விட்டுவிட்டது. மவுத்பீஸைக் கழற்றுவதற்கென்றே ஒரு சின்னக் கருவி இருக்கிறது, ஒரு நிமிட வேலை. எனக்கு அது தெரியவந்தபோது ரிப்பேருக்குக் கொடுத்தாகிவிட்டது.

எடை ஏறக்குறைய 10 கிலோ. தூக்கிப் போவதைவிட உட்கார்ந்து ஊதுவதுதான் முதுகைப் பதம் பார்த்தது. மடியில் வைத்தால் மவுத்பீஸ் என் வாய்க்கு இரண்டு அங்குலம் கீழே நிற்கும். நான் கழுத்தைக் குனிந்து குனிந்து ஊதினேன். மூன்றாம் வருடம் கழுத்து பிடித்துக்கொண்ட பிறகுதான், தொடைமேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுக் கருவியை உயர்த்தலாம் என்று தோன்றியது. இப்போது ஸ்டாண்ட் இருக்கிறது. துண்டும் பையில் இருக்கிறது.

வாசிப்பு சலிக்காதா என்று கேட்பார்கள். வெறும் 'பூம், பூம்' மார்ச்சுகள் சலிக்கும், மறைக்க என்ன இருக்கிறது. வீட்டில் என்னை ஒத்து ஊதுபவன் என்றே கேலி செய்கிறார்கள். ஆனால் ஆர்கெஸ்ட்ராவில் டியூபாக்காரர் பக்கம் பக்கமாகக் காத்திருப்பார். பேண்டில் எங்களுக்கு ஓய்வே கிடையாது. நல்ல வரிகளும் வரும். ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909இல் பேண்டுக்காக எழுதிய இ ஃபிளாட் சூட்டின் (பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பு) தொடக்க எட்டு அளவுகள், அதாவது தாளக் கட்டங்கள், டியூபாவும் அதன் தம்பி போன்ற யூஃபோனியமும் மட்டுமே. மற்ற எல்லோரும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்ப்பார்கள். அந்த எட்டு அளவுக்காக இரண்டு மாதம் பழகினேன், நிகழ்ச்சியில் ஐந்தாம் அளவில் மூச்சு தீர்ந்துவிட்டது. யூஃபோனியம்காரர் காப்பாற்றினார். மெலடிதான் வேண்டும் என்பவர்கள் நேராக யூஃபோனியத்துக்கே போய்விடுங்கள். குழாய் பாதி நீளம், எடையும் குறைவு, பாடும் வரிகள் அதற்குத்தான் அதிகம்.

ஆறு வருடம் தனியாக ஊதினேன். இரண்டு வருடத்துக்கு முன் இன்னொருவர் சேர்ந்தார். அவருக்கும் முதலில் ட்ரம்பெட் ஆசைதானாம். பழைய 3 வால்வு இப்போது அவர் மடியில். எங்கே யார் மூச்சு வாங்குவது என்று பென்சிலால் பிரித்துக் குறித்துக்கொள்கிறோம். நான் மூச்சு வாங்கும்போது அவர் ஊதுவதை நிறுத்த மாட்டார், அவர் வாங்கும்போது நான் நிறுத்த மாட்டேன். போன வாரம் ஒத்திகையில் பேண்ட் மாஸ்டர் நிறுத்தினார். "டியூபா, லேட்!" இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தோம். யார் என்று அவர் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் பென்சிலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.