தொலைநிலைக் கல்வியில் பி.காம்: மூன்று வருடம் படித்துப் பார்த்ததில்

விருதுநகரில் ஒரு ஹார்டுவேர் கடையில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பிளஸ் டூவில் வணிகவியல், அப்புறம் மூன்று மாதம் டேலி, கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் மென்பொருள். படிப்பு அவ்வளவுதான். ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனால், "டிகிரி இல்லையாம்மா?" என்று உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் 2023 ஜனவரியில் தொலைநிலைக் கல்வியில் பி.காம் சேர்ந்தேன். 2025 டிசம்பரில் கடைசிப் பரீட்சை. எல்லாம் பாஸ், 58 சதவீதம். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், சான்றிதழ் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

செலவைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. கல்விக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்காக மதுரைக்குப் போய்வந்த பஸ் காசு எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கும் முப்பதாயிரத்துக்குள் முடிந்தது.

குறை புத்தகத்தில்தான். முதல் வருடப் பார்சல் ஏப்ரலில் வந்தது. பிரித்தால் புள்ளியியல் புத்தகம் இரண்டு, நிதிக் கணக்கியல் ஒன்றுகூட இல்லை. போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் கூடப் படித்த ஒரு தம்பியின் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்தேன். மூன்றாம் வருட மறைமுக வரிப் புத்தகத்திலோ முதல் முப்பது பக்கம் சேவை வரியும் வாட் வரியும். அவற்றுக்குப் பதிலாக ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில்! சிமெண்டுக்கு 28 சதவீதம் என்று அச்சடித்திருந்ததை மட்டும் மன்னிக்கலாம். அது 18 ஆனது 2025 செப்டம்பர் 22ஆம் தேதிதான். முந்தைய நாள் ராத்திரி கடையை அடைத்த பிறகு டேலியில் ஒவ்வொரு சரக்காகப் பார்த்து வரியை மாற்றியது நானேதான். எந்தப் புத்தகமும் அந்த வேகத்துக்கு வராது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அதற்காகவே இந்தப் படிப்பைச் சிபாரிசு செய்வேன். எல்லா வகுப்பும் இல்லை, ஒரு சார் எடுத்த கணக்கியல் வகுப்பு மட்டும். எனக்கு முதல் வாரமே தலை சுற்றியது. எங்கள் கடைச் சிட்டையில் பணம் வந்தால் அது வரவு. கடனுக்குச் சாமான் எடுத்துப் போனவர் பெயரில் பற்று எழுதுவோம், அவர் கட்டினால் வரவு வைப்போம். புத்தகமோ "உள்வருவது பற்று, வெளிச்செல்வது வரவு" என்கிறது. பிளஸ் டூவிலும் இதே வரிதான், அப்போது மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிட்டேன். இத்தனை வருடம் கடையில் உட்கார்ந்த பிறகு அது அப்பட்டமான தப்பாகத் தெரிந்தது. எழுந்து கேட்டேன்.

சார் கேட்டார்: "உன் கல்லாப்பெட்டியை ஓர் ஆளாக நினைத்துக்கொள். 500 ரூபாயை அதன் கையில் கொடுத்து வைக்கிறாய். இப்போது யார் யாருக்குத் தர வேண்டும்?"

"கல்லா எனக்குத் தர வேண்டும் சார்."

"உன்னிடம் வாங்கிப் போனவன் பெயரில் என்ன எழுதுவாய்?"

"பற்று."

"எழுதிக்கொள்."

வகுப்பே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. டேலியில் ரசீது வவுச்சரை அமுக்கினால் அதுவே இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளும், நாம் யோசிக்க வேண்டியதே இல்லை. இத்தனை வருடம் நான் கணக்கு எழுதவில்லை, பட்டனைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதே சார் சொன்ன இன்னொரு விஷயம்: இருப்பாய்வில், அதாவது எல்லாக் கணக்கின் பற்று, வரவு மொத்தத்தையும் ஒப்பிடும் பட்டியலில், வித்தியாசம் வந்தால் அதை ஒன்பதால் வகுத்துப் பார், மீதமில்லாமல் போனால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த மாதமே ஒரு பெயிண்ட் கம்பெனி அனுப்பிய ஸ்டேட்மெண்டுக்கும் எங்கள் பேரேட்டுக்கும் 540 ரூபாய் இடித்தது. வகுத்தேன், 60. அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டேன். 4,820 ரூபாய் பில்லை 4,280 என்று ஏற்றியிருக்கிறேன். முன்பென்றால் இரண்டு நாள் டிக் அடித்திருப்பேன்.

வருமான வரிப் பாடமும் வீண் போகவில்லை. கடை முதலாளி அண்ணாச்சி தீபாவளிக்கு முன் ஆறு லட்சத்துக்கு லோடு வண்டி எடுத்தார். தேய்மானம் (வண்டி பழசாவதற்காக வருமானத்தில் கழிப்பது) 15 சதவீதம், அதாவது 90,000 வர வேண்டும், ஆடிட்டர் 45,000தான் போட்டிருக்கிறார், கேட்டுச் சொல் என்றார். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான் கிடைக்கும் என்று நானே சொன்னேன். அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அப்ப புரட்டாசிலயே எடுத்திருக்கணும்" என்றார்.

உதவாத பாடமும் உண்டு. 1904இல் இங்கிலாந்தில் நடந்த கார்னர் எதிர் முர்ரே வழக்கு, நொடித்துப்போன கூட்டாளியின் பற்றாக்குறையை மற்றவர்கள் அவரவர் போட்ட மூலதன விகிதத்தில் சுமப்பது. எங்கள் பஜாரில் கூட்டு முறிந்தால் சாதிச் சங்கத்தில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். ஆனாலும் பரீட்சைக்கு அதைத்தான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். புள்ளியியலைப் பற்றிப் பேச விருப்பமில்லை, இரண்டாம் முயற்சியில்தான் தேறினேன்.

சேரப் போகிறவர்களுக்கு: அந்தப் பல்கலைக்கழகத்தின் பி.காமுக்கு அந்த வருடம் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று முதலில் அந்தப் பிரிவின் இணையதளத்தில் பாருங்கள். ஏஜெண்ட் சொல்வதை நம்ப வேண்டாம். சிஏ (பட்டயக் கணக்காளர்) ஆசை இருந்தால் மதிப்பெண்ணில் கவனம் வையுங்கள். வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம் இருந்தால் அதன் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். பார்சல் வரும் வரை காத்திருக்காமல் தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான், எனக்கு வந்த பாடநூலைவிட அதில் கணக்குகள் தெளிவாக இருக்கின்றன. கடைக் கணக்கே தொடாமல் நேராகப் பள்ளியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வழி கஷ்டம். கல்லூரிக்குப் போக வசதி இருந்தால் போய்விடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை. இரண்டு நட்சத்திரம் அந்த சாருக்கு மட்டும்.