பெஞ்சில் பெயர்த்தகடு மாட்டித் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

இன்று காலை தகடு தரையில் கிடந்தது. பெஞ்சின் விலையில் சரிபாதி கொடுத்துச் செய்த பித்தளைத் தகடு. மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆன்லைனில் ஆர்டர் எடுத்து, எழுத்து பொறித்து, ஆள் அனுப்பி மாட்டியும் தருகிற கடை. பெயர் வேண்டாம். மாதிரித் தகடு அனுப்பினார்களே, அங்கேதான் கவிழ்ந்தேன். காந்தம் ஒட்டவில்லை, 1.5 மி.மீ. கனம், எழுத்தின் ஆழம் நகத்தில் தட்டுப்பட்டது. உடனே முழுப்பணமும் கட்டியாயிற்று. தகட்டில் குறையே இல்லை. திருகில் காந்தம் வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

இன்று வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளை நிறம் பூசிய இரும்பு! பெரிய பித்தளைத் தகடு, நடுவே பொடி இரும்புத் திருகு, மேலே மழைநீர் என்றால் அரிப்பு முழுக்க இரும்பின் மேல்தான் விழும். போதாததற்குத் தேக்கு மரம். மரத்திலுள்ள டானின் என்கிற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து, நாலு திருகிலிருந்தும் மை ஒழுகின மாதிரி கறுப்புக் கோடு. திருகின் நீளமோ 10 மி.மீ.தான். தகட்டின் கனம் போக மரத்துக்குள் 8 மி.மீ. சொச்சம். திருகு இறங்க முன்கூட்டியே போடும் வழித்துளை இல்லாமல் நேரே முறுக்கியதில் இரண்டு திருகின் தலை அன்றைக்கே பாதி முறிந்திருக்கிறது. பின்னால் இருந்த நுரை டேப்தான் இத்தனை நாள் தாங்கியது. எண்ணெய்ப் பசையுள்ள தேக்கில் அதுவும் எத்தனை மழைக்கு நிற்கும்?

போன் போட்டால், "மரம் உங்களுது சார், அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" படம் அனுப்பினால், "டெக்னிக்கல் டீம் பாத்துட்டு கூப்பிடுவாங்க." மாலையில் "புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ். பெஞ்சு விலையில் பாதி வாங்கிவிட்டு நாலு திருகில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

மாட்டுவதைப் பற்றி விவரமாக எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: திருகு பித்தளை அல்லது 316 எஸ்எஸ் (உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்), கடலோரமானால் கட்டாயம் 316. 4 மி.மீ. திருகுக்கு மரத்தில் 3 மி.மீ. வழித்துளை. பித்தளை மெத்தென்றிருக்கும், அதனால் அதே அளவு எஸ்எஸ் திருகை ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு, மெழுகு தடவிக் கையால் முறுக்குங்கள். ஈரத்தில் மரம் அகலவாக்கில் உப்பும், தகட்டின் துளை 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். பசை போடுவதானால் முதலில் அசிட்டோனால் துடையுங்கள். வினிகர் வாடை வருகிற சிலிக்கான் பித்தளையை அரிக்கும், அந்த வாடையில்லாத நியூட்ரல் ரகம் கேளுங்கள். திருட்டு பயம் இருந்தால் ஊடுருவும் போல்ட்டு, பின்னால் தொப்பி நட்டு.

கறுப்புக் கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் போட்டுப் பார்க்க வேண்டும். பாதி விலை போனதுமில்லாமல் அந்தச் செலவு வேறு.