ஒற்றை செல்லில் 3.3 வோல்ட், 5 வோல்ட்: எந்த வழி எதற்கு?

டார்ச்சுக்கு உதவாது என்று ஒதுக்கிய ஏஏ செல்லை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். பல சமயம் 1.1 வோல்ட் காட்டும். உள்ளே இன்னும் சரக்கு இருக்கிறது. ஆனால் ஒரு வெள்ளை எல்இடி எரியவே ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும்.

அப்படியானால் செல்லின் வோல்டேஜை உயர்த்த வேண்டும். அதற்கு முதலில் எல்லோரும் கை வைப்பது ஜூல் தீஃப் என்ற குட்டி சர்க்யூட்டில். ஒரு ஃபெரைட் வளையம், அதில் இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து 15, 20 சுற்று, ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். அவ்வளவுதான். எரியவில்லையா? பெரும்பாலும் ஒரு கம்பியின் முனைகள் இடம் மாறியிருக்கும். திருப்பிப் போட்டால் பளிச்சென்று எரியும். கம்பிச் சுருள் (காயில்) எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சர்க்யூட் எனக்குத் தெரியாது. ஆனால் எல்இடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியே வருவது துடிப்புகள், நிலையான வோல்டேஜ் இல்லை. டையோடும் கெப்பாசிட்டரும் போட்டுச் சீராக்கினாலும், லோடு (இழுக்கும் கரன்ட்) குறைந்ததும் வோல்டேஜ் எகிறி, மைக்ரோகன்ட்ரோலர் எனும் குட்டிக் கணினி சிப்பைப் பதம் பார்த்துவிடும்.

மைக்ரோகன்ட்ரோலர், சென்சார் என்றால், வோல்டேஜைக் கூட்டி நிலையாகத் தரும் பூஸ்ட் கன்வர்ட்டர் ஐசிதான். எம்சிபி1640 ஒரு நல்ல உதாரணம்: 0.65 வோல்ட்டிலேயே கிளம்பும், கிளம்பிய பிறகு 0.35 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும். 1.2 வோல்ட் செல்லிலிருந்து 3.3 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர் தரும். பொடி ஐசி, சால்டர் செய்யப் பொறுமை வேண்டும். எங்கும் கிடைக்கிறதே என்று எம்டி3608 பூஸ்ட் மாட்யூலை எடுத்துவிடாதீர்கள். அதற்குக் குறைந்தது 2 வோல்ட் வேண்டும், ஒற்றை செல்லில் அசையாது.

கெப்பாசிட்டர்களை வைத்தே வோல்டேஜைக் கூட்டும் சார்ஜ் பம்ப்புக்குக் காயிலே தேவையில்லை. ஆனால் ஐசிஎல்7660 போன்றவை 1.5 வோல்ட்டுக்குக் கீழே வேலைக்கு ஆகாது, கரன்ட்டும் சொற்பம். ஒற்றை செல்லுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியானாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 5 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர் என்றால் அரை வாட். கன்வர்ட்டரின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால் செல் 0.625 வாட் தர வேண்டும், 1.2 வோல்ட்டில் அது 520 மில்லி ஆம்பியர்! செல் 1 வோல்ட்டுக்கு இறங்கினால் 625. தளர்ந்த செல்லிடம்தான் கூடுதலாகப் பிடுங்குகிறோம். பிரெட்போர்டிலும் ஒயரிலும் 0.2 ஓம் இருந்தாலே 0.1 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதனால் ஒயர் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும், உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் ஐசியை ஒட்டியே இருக்கட்டும். இதற்கும் மேலே கரன்ட் வேண்டுமா? பெட்டியில் இடமிருந்தால் இன்னொரு செல்லைத் தொடராகச் சேர்ப்பதே நல்லது.

அப்புறம், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் போடுபவர்களுக்கு: 0.9 வோல்ட்டுக்குக் கீழே இழுத்தால் அது கெடும். செல் வோல்டேஜை மைக்ரோகன்ட்ரோலரே அளந்து, எம்சிபி1640-இன் எனேபிள் பின்னை (ஐசியை இயக்கி நிறுத்தும் கால்) தாழ்த்திச் சப்ளையை நிறுத்தும்படி அமைத்துவிடுங்கள்.