பழைய வீட்டுக்கு முன்சோதனை: சுங்கை சிப்புட்டில் நாங்கள் பயன்படுத்திய சேவை

சுங்கை சிப்புட்டில் என் தங்கை குடும்பத்தார் வாங்கவிருந்த ஒற்றை மாடி வரிசை வீட்டைச் சோதித்துப் பார்க்க, ஈப்போவிலிருந்து இயங்கும் ஒரு சிறு நிறுவனத்தை அமர்த்தினோம். கட்டணம் 600 வெள்ளி. வீண் செலவு என்று உறவினர் சிலர் முணுமுணுத்தார்கள். பின்னால் தெரியவரும் குறைக்கு யார் பொறுப்பு என்று சட்டம் சொல்வதை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்குவோருக்கு, வீடு ஒப்படைக்கப்பட்டதிலிருந்து 24 மாதங்கள் பாதுகாப்பு உண்டு. அதற்குள் தென்படும் குறையை எழுத்து மூலம் தெரிவித்தால், 30 நாள்களுக்குள் மேம்பாட்டாளரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். கைமாறும் பழைய வீட்டை விற்பவருக்கு அப்படிப்பட்ட கடமை கிடையாது. ‘உள்ளது உள்ளபடியே’ வாங்குவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். கையெழுத்திட்ட பிறகு கூரை ஒழுகினாலும் தரை இறங்கினாலும் செலவு பொதுவாக வாங்கியவருடையதே. விற்றவர் தெரிந்தே மறைத்தார் என்று மெய்ப்பித்தால் எது மோசடி என்று வரையறுக்கும் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு துணைக்கு வரும். ஆனால் கறையான் அரித்த நிலைக்காலைப் பூசி மெழுகிச் சாயம் அடித்து மூடுவது வேறு, யாரும் கேட்கவில்லை என்று வாய் திறக்காமல் இருப்பது வேறு. பின்னது பெரும்பாலும் மோசடியாகாது. மோசடியான மௌனமாகவே இருந்தாலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய 19ஆம் பிரிவு இடம் தருவதில்லை.

வந்த பரிசோதகர் இந்த வட்டாரத்தை நன்கு அறிந்தவர். கித்தா மரங்களை வெட்டிய நிலத்தில் எழுந்த தாமான்களில், மண்ணுக்குள் விடப்பட்ட வேர்களும் அடிக்கட்டைகளும் கறையானுக்கு இரையாகும் என்பதால், முதலில் கதவு நிலைகளைத் தட்டிப் பார்த்தார். அங்கே கறையான் இல்லை. ஆனால் புதுச் சாயம் மணத்த படுக்கையறைச் சுவரில் ஈரமானியை வைத்து, மறுபக்கத்துக் குளியலறையிலிருந்து நீர் கசிவதைக் காட்டினார். பின்புறம் நீட்டிக் கட்டிய சமையலறை பழைய சுவரிலிருந்து பிரியத் தொடங்கியிருந்ததைப் படம் பிடித்ததோடு, அந்த நீட்டிப்புக்கு நகராண்மைக் கழக அனுமதி இருக்கிறதா என்றும் கேட்கச் சொன்னார். எங்களுக்குத் தோன்றாத கேள்வி அது.

அறிக்கையைப் பார்த்த எங்கள் வழக்கறிஞர், சாவி கொடுப்பதற்கு முன் குளியலறைக் கசிவை விற்பவர் சரிசெய்ய வேண்டும் என்றும், தமக்குத் தெரிந்து வேறு ஒழுக்கோ கறையானோ இல்லை என்று அவர் எழுத்தில் உறுதி தர வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் சேர்த்தார். நாளை வழக்கென்று வந்தால் மௌனத்தைப் பற்றி வாதாடத் தேவையில்லை. எழுதிக் கொடுத்த பொய்யைக் காட்டினால் போதும். 600 வெள்ளிக்கு இதுவே பெரிய பலன்.

குறைகளும் உண்டு. கூரைக்குள் ஏற வழியில்லை என்று விட்டங்களைப் பார்க்காமலே விட்டார்கள். கறையானுக்கு அஞ்சும் ஊரில் அது சிறிய விடுபடல் அன்று. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால் தங்கையின் மாமியாருக்கு நான்தான் வாசித்து விளக்க வேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில், எதையேனும் கவனிக்கத் தவறினால் தங்கள் பொறுப்பு வாங்கிய கட்டணத்தோடு முடியும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். கேட்டபோது மழுப்பலான பதில்தான் வந்தது.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். அமர்த்துவோர், கூரைத் திறப்புக்கு ஏற்பாடு செய்யும்படி வீட்டுக்காரரிடம் முன்னதாகவே சொல்லிவிட்டு, அந்தக் கடைசிப் பக்கத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள்.