ஓலைப் பந்தலா, ஏசி மண்டபமா? ஒரு யாழ்ப்பாணக் கலியாணக் கணக்கு

"உதென்னடி பிள்ளை, ஓலையையும் இலையையும் கட்டிவிட்டால் சனம் என்ன கதைக்கும்? காசில்லாமல் செய்யினம் எண்டுதான் கதைக்கும்."

தங்கச்சியின் கலியாணத்தைக் குப்பை குறைவாக, அதே நேரம் வடிவாகச் செய்யலாம் என்று நான் வாய் திறந்த முதல் நாளே பெரியம்மா சொன்னது இது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய கலியாணம் 1992இல் நடந்தது. பொருளாதாரத் தடைக் காலம், மின்சாரம் இல்லை, மாப்பிள்ளை வந்ததே சைக்கிளில். கிடுகுப் பந்தல், மண்ணெண்ணெய் விளக்கு, வாழையிலை. இன்று 'சூழலுக்கு உகந்த கலியாணம்' என்று நாங்கள் பெயர் வைத்துப் பேசுவதையெல்லாம் அவர் வேறு வழியில்லாமல் செய்து முடித்தவர். அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி கேட்டுத்தான் ஒப்பிட்டுப் பார்த்தேன்: குப்பையும் எரிபொருளும் எவ்வளவு குறையும்? பார்க்கிறவர் கண்ணுக்கு அது இல்லாமையாகத் தெரியுமா, அழகாகத் தெரியுமா?

மண்டபம், கோயில், வளவு

ஏசி மண்டபம் என்றால் தலையிடி குறைவு. மணவறை, கதிரை, சாப்பாடு, வாகனம் நிறுத்த இடம், மலசலகூடம் எல்லாம் ஒரே கையில். 500 பேர் வந்தாலும் ஒருவருக்கும் வியர்க்காது. ஆனால் நாலு பக்கமும் மூடிய கூடம். வெளியே பகல் 12 மணி வெயில் கொளுத்த, உள்ளே நூறு லைற் எரியும். கரண்ட் போனால் ஜெனரேற்றர். ஓமப் புகை போக வழியில்லை என்று ஐயரிடம் நெருப்பைக் குறைக்கச் சொன்ன ஒரு கலியாணத்துக்கும் போயிருக்கிறேன்.

கோயில் மண்டபம் பக்கம் திறந்தது, கூரை உயர்ந்தது, காற்று தானாக வரும். மரக்கறிச் சாப்பாடு தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை. சூழல் கணக்கில் அதுவே பெரிய இலாபம். தூணில் ஆணி அடிக்கவோ ரேப் ஒட்டவோ விடமாட்டார்கள். இதை முதலில் இடைஞ்சல் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கயிற்றில் கட்டக்கூடிய அலங்காரம் மட்டும் என்றால் பாதிக் குப்பை வாசலிலேயே நின்றுவிடுகிறது. குறை ஒன்று உண்டு. அதே நாளில் இன்னொரு முகூர்த்தம் இருந்தால் உங்கள் பந்தி முடியுமுன்னே அடுத்த வீட்டார் வந்து நிற்பார்கள்.

சொந்த வளவுதான் எனக்கு ஆசை. மாமர நிழல், கிணற்றடி, நிறைகுடம் வைத்த படலை. அதில் வைத்து எடுக்கிற படத்துக்கு எந்த மண்டபமும் கிட்ட வராது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும்: 150 பேருக்கு மேல் போனால் வளவு தாங்காது. ஒரு மலசலகூடத்துக்கு வரிசை நிற்கும், ஒழுங்கை முழுக்க ஹயஸ் வான் நிற்கும். பந்தலிலும் இரண்டு வழி. தகரப் பந்தல் திரும்பத் திரும்பப் பாவிக்கப்படுவது, கழிவு இல்லை. ஆனால் வெயில் ஏறினால் அடியில் இருப்பவர் வெந்துபோவார். கிடுகுப் பந்தல் குளிர்ச்சி. கலியாணம் முடிந்ததும் அந்தக் கிடுகு வேலி அடைக்கப் போகும், அதுவும் உக்கினால் தென்னைக்குப் பசளை. பந்தல் பக்கம் வெடி கொளுத்த விடாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வளவை நினைக்கவே வேண்டாம். யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு அந்தக் காலத்தில்தான் கொட்டும்.

நாங்கள் இரண்டையும் கலந்தோம். பொன்னுருக்கலும் (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு) பின்னேர விருந்தும் வளவில், தாலிகட்டும் மத்தியானப் பந்தியும் கோயில் மண்டபத்தில். முகூர்த்தம் காலை ஒன்பதரைக்குக் கிடைத்தது. அது பெரிய உதவி. வெயில் ஏறுமுன் தாலி ஏறிவிட்டது.

மணவறையும் பூவும்

வெள்ளை றெஜிபோமில் (தெர்மோகோல்) யானையும் மயிலும் வெட்டிப் பொன் பூச்சுப் பூசிய மணவறைகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2017இல் இலங்கையில் வந்த தடை றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, தட்டு, குவளையைப் பிடித்தது. மணவறை யானை தப்பிக்கொண்டது. புது டிசைன் வந்ததும் பழைய யானை மண்டபத்தின் பின்னால் கிடக்கும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது அந்த வெள்ளை மணிகள் பறந்து பக்கத்து வயலில் இறங்குவதை ஒருநாள் நின்று பார்த்தேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் குருத்தோலை, வாழைமரம், கமுகம் குலை, தென்னம்பாளை. இங்கேதான் பெரியம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பச்சை ஓலையை ஏனோதானோ என்று கட்டினால் செத்த வீட்டு ஞாபகம் வந்துவிடும். தோரணத்திலேயே வித்தியாசம் உண்டு: மங்கலத் தோரணத்துக்கு ஓலையில் மடித்த நாலு குருவி, அமங்கலத்துக்கு மூன்று. அலங்காரம் செய்ய வந்த பெடியங்களுக்கு இது தெரியவில்லை. கடைசியில் பெரியம்மாவே பாயை விரித்து இருந்து மடித்துக் காட்டினார், ஏசிக்கொண்டே.

ஓலை ஸ்டைலாகத் தெரிய நாங்கள் கண்ட வழி, நிறத்தைக் குறைப்பது. இளம் மஞ்சள் குருத்தோலை, வெள்ளை வேட்டித் துணி, பித்தளைக் குத்துவிளக்கு. இந்த மூன்றோடு நிறுத்தினோம். நாலாவதாக ஊதா நிற வலைத் துணி ஒன்று வர முயற்சி செய்தது, தடுத்துவிட்டேன். பொலித்தீன் சோடனைக்கு 2017 முதலே தடை இருப்பது நல்ல சாட்டாக இருந்தது. 2023 ஒக்ரோபரில் வந்த தடையில் பிளாஸ்ரிக் பூமாலையும் இடியப்பத் தட்டும்கூட அடங்கும். ஆனாலும் இரண்டும் கண்ணில் படாமல் இல்லை.

பூவில் என் முடிவு கொஞ்சம் விநோதமாகப் படலாம். மலைநாட்டு ரோசாவும் அந்தூரியமும் குளிரூட்டிய லொறியில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடிவந்து ஒரு பகலில் வாடிப்போகின்றன. அதைவிட, வாடகைக்கு எடுத்து ஐம்பது கலியாணத்துக்குப் பாவிக்கிற துணிப்பூ மேல் என்பேன். ஆனால் மணமாலைக்கு மட்டும் உண்மைப் பூதான். எங்கள் ஊர் மல்லிகையும் நந்தியாவட்டையும் போதும்.

இலையா, பஃபேயா

கழிவு என்றால் எல்லாரும் பிளாஸ்ரிக்கைத்தான் பார்க்கிறார்கள். எனக்கோ மிஞ்சுகிற சோறுதான் கூடப் பெரிய கவலை. அது மற்றக் குப்பையோடு கலந்து பையில் கட்டி கல்லுண்டாய்க் குப்பைமேட்டுக்குப் போனால் புழுத்து மீதேன் வாயுவாக மாறும்; ஆட்டுக்கும் உதவாது.

பஃபேயில் பீங்கான் கோப்பை. அதைக் கழுவத் தண்ணீர் போகும், ஆனால் கோப்பை நாளைக்கும் இருக்கும். சிக்கல் கோப்பையில் இல்லை, கையில். வரிசையில் நின்று வந்தவர் 'இன்னொருக்கா யார் வந்து நிற்பது' என்று மூன்று மடங்கு போட்டுக்கொள்வார். பந்தியில் பரிமாறுகிறவர் கேட்டுக் கேட்டுப் போடுவார், வேண்டாம் என்றால் கையை மறிக்கலாம். எல்லாரையும் இருத்திச் சாப்பிட வைப்பதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. பஃபே வைத்த வீட்டை 'சாப்பாட்டுக்குக் கியூவில விட்டவங்கள்' என்று பத்து வருடம் கழித்தும் சொல்லுவார்கள்.

ஆனால் பந்திக்கு ஆள் வேண்டும். 100 பேர் இருக்கும் ஒரு பந்திக்கு எட்டு, பத்துப் பேராவது ஓடித் திரியவேண்டும். மருமக்களையும் மச்சான்மாரையும் நம்பிய காலம் போய்விட்டது. பாதிப் பேர் வெளிநாட்டில். அதைக் கேட்டரிங்காரரோடு முதலே பேசிக்கொள்ளுங்கள்.

வாழையிலைக்கு ஒரு எச்சரிக்கை. வைகாசி தொடங்கி சோளகம் பிடித்தால் இலை நார்நாராகக் கிழிந்திருக்கும். நீர்வேலிப் பக்கம் வாழைத் தோட்டம் இருக்கிறதே என்று கடைசிக் கிழமை போய் நின்றால் தலைவாழை இலை கிடைக்காது. வேலியோர மறைப்பில் நிற்கும் வாழையாகப் பார்த்து, வெட்டுகிற நாளை முதலே சொல்லிவைக்கவேண்டும். இலை போதாவிட்டால் சிலர் வாழையிலை போலப் பச்சை அடித்த 'உக்கும்' சீற்றை வாங்குகிறார்கள். அந்த வகைப் பல, கிட்டத்தட்ட 60 பாகை சூட்டில் குப்பையை உரமாக்கும் தொழிற்சாலையில்தான் ஒழுங்காக உக்கும். உங்கள் வளவுக் கிடங்கில் அல்ல. அதற்குப் பதில் வாடகைக்கு எவர்சில்வர் தட்டு எடுத்து, அதன்மேல் சின்னதாக வட்டம் வெட்டிய இலை வையுங்கள். கிழிந்த இலையிலும் நல்ல துண்டு தேறும். நாங்கள் கடைசிப் பந்திக்கு இப்படித்தான் செய்தோம், பார்க்க முதற் பந்தியைவிட வடிவாக இருந்தது. எச்சில் இலை முழுக்கப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போனது.

தண்ணீரில் யோசிக்க ஒன்றுமில்லை. 350 பேருக்கு ஆளுக்கு இரண்டு அரை லீற்றர் போத்தல் என்றால் 700 போத்தல், அதில் பாதி அரைவாசி குடித்தபடி கதிரைக்கடியில் உருளும். அதே அளவைப் பிடிக்க 19 லீற்றர் கான் 19 போதும், காலிக் கானும் கடைக்கே திரும்பிப் போகும். சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீரின் கடினம் வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது உண்மை. அதற்குப் போத்தல்தான் வேண்டும் என்றில்லை. கான் தண்ணீரைப் பித்தளைச் செம்பில் ஊற்றி வைத்தோம்.

கூறை, விமானம், காட்

அம்மாவின் கூறையை (தாலிகட்டுக்குக் கட்டும் சேலை) தங்கச்சிக்குக் கட்டலாமா என்று கேட்டதற்கு வீடே எழும்பி நின்றது. கூறை புதிதாக இருக்கவேண்டும், அதில் நானும் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் பின்னேர விருந்துக்குப் புதிதாக லெகங்கா எடுப்பதா, அம்மாவின் மாம்பழ நிறப் பட்டை எடுப்பதா என்றபோது பட்டு இலகுவாக வென்றது. சட்டை மட்டும் புதிது. அன்று எல்லாரும் கேட்டது அந்தச் சேலையைப் பற்றித்தான்.

ரொறன்ரோ மச்சாள் ஒருநாள் வீடியோவில் வந்து, "நீங்கள் ஓலை கட்டி மிச்சம் பிடிக்கிறதை நான் ஒருத்தி பிளேன் ஏறி வந்தே முடிச்சிடுவன்" என்று சிரித்தாள். பகிடி என்றாலும் சரிதான். அங்கிருந்து கொழும்புக்குப் போய்வரும் பயணத்தில் ஓர் ஆளின் பங்காக 2 தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டு வரும். வராதே என்று சொல்ல முடியுமா? அவர்கள் எப்படியும் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள். கொடி நிற்கும் 25 நாளில் கலியாணம் வைக்க விரும்பாதவர்கள் உண்டு. தீர்த்தம் ஆவணி அமாவாசையில் முடிய, அடுத்த வளர்பிறையில் நாள் வைத்தால் ஒரே பயணத்தில் இரண்டும் முடியும். அப்படித்தான் வைத்தோம்.

அழைப்பிதழைச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரியவர்களுக்கும் கோயிலுக்குமாக 80 காட், பிளாஸ்ரிக் பூச்சு இல்லாதது. மற்றவர்களுக்கு வட்ஸ்அப், கூடவே ஒரு தொலைபேசி அழைப்பு.

எல்லாவற்றையும்விட அதிகம் மிச்சம் பிடித்தது ஓலையும் இல்லை, செம்பும் இல்லை. 600 பெயர் இருந்த பட்டியலை 350 ஆக்கியதுதான். இலை, சோறு, தண்ணீர், வாகனம் எல்லாம் அதோடு தானாகக் குறைந்தது. அதில்தான் பெரிய சண்டையும் வந்தது. இரண்டு வீட்டார் இன்னும் எங்களோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை.