தழைக்கு அடியில் கல்லும் மண்ணும்: சிறு சுமை வண்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தோட்டக் கழிவை அகற்றித் தரும் தொழிலில் இருப்பவர்கள், ‘கொஞ்சம் கிளையும் தழையும்தான், ஒரே நடையில் முடிந்துவிடும்’ என்று தொலைபேசியில் சொல்பவரிடம் கவனமாக இருக்க வேண்டும். எங்களிடம் அப்படிச் சொன்ன வாடிக்கையாளர், வீட்டை இடித்துக் கட்டியபோது மிஞ்சிய காரைக்கட்டிகளையும் தோண்டிய ஈரமண்ணையும் கொட்டி, அவற்றின்மேல் வெட்டிய கிளைகளைப் பரப்பி மூடி வைத்திருந்தார். முன்னதாக அவர் அனுப்பிய படங்களில் குவியலின் மேற்புறம் மட்டுமே தெரிந்தது. கிளைகளை ஏற்றி முடித்த பிறகு விவரம் கேட்டால், ‘குவியல் முழுவதற்கும் சேர்த்துத்தானே தொகை பேசினோம்’ என்றார்; பாதியில் நிறுத்தினால் ஏற்றியதற்கும் கூலி கிடையாது என்றார்.

இதில் உள்ள ஏமாற்று எடையில் இருக்கிறது. உதிரியான கிளைதழை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 முதல் 250 கிலோ வரை நிறுக்கும்; அதே அளவு ஈரமண்ணோ 1.5 டன்னைத் தாண்டக்கூடும், உடைத்த கான்கிரீட்டும் அதற்குச் சளைத்ததன்று. ஆகவே ஒரு டன் தாங்கும் வண்டி, பார்வைக்குத் தொட்டி நிரம்பாமலேயே தன் வரம்பை எட்டிவிடுகிறது. ஒரு நடை என்று பேசிய வேலை பல நடைகளாகிறது. கழிவுக் கிடங்கில் எடைமேடை வைத்துக் கட்டணம் வாங்கும் இடங்களில் இழப்பு இன்னும் கூடும்: தழையோடு காரை கலந்திருந்தால் தழைக்குரிய குறைந்த கட்டணம் கிடைக்காது, சில இடங்களில் இறக்கவே விடமாட்டார்கள். எங்களுக்கும் தழைக்குரிய குறைந்த கட்டணம் கிடைக்கவில்லை. கிடங்கின் ரசீதைக் காட்டியும் அந்த வாடிக்கையாளர் ஒரு காசு கூட்டித் தரவில்லை.

எனவே நடைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்லாமல், ஏற்றுகூலி, எரிபொருள், வெறுமையாகத் திரும்பும் தூரம், எடைமேடை வரிசையில் கழியும் நேரம், வண்டித் தேய்மானம் ஆகியவற்றோடு உங்கள் ஆதாயத்தையும் சேர்த்துக் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றை வகுத்துக்கொள்ளுங்கள். கிடங்குக் கட்டணத்தை மட்டும் ரசீதின்படி தனியே வாங்குங்கள். குவியலில் கடப்பாரையைச் செருகி அடிவரை கிளறிய படத்தைக் கேளுங்கள். நேர்மையானவருக்கு அது சில நிமிட வேலை, மழுப்புகிறவரின் வேலையை விட்டுவிடலாம். மண், கல், காரை இருந்தால் தனிக் கட்டணம் என்பதையும், அவை மறைந்திருந்தது தெரிந்தால் அதுவரை ஏற்றியதற்குரிய கூலியுடன் வேலை நிறுத்தப்படும் என்பதையும் எழுத்தில் அனுப்பி, ஒப்புதலும் முன்பணமும் வந்த பிறகே வண்டியை எடுங்கள்.